இருநூறு அடிக்குக் கேட்கும் பெட்டி

பெட்டி விற்பனைக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் பஸ் காசு வீணாய்ப் போயிற்று என்று என்னிடம் முகத்தைத் தூக்கக் கூடாது. டீக்கடைச் சுவரில் ‘விற்பனைக்கு’ என்று அந்தத் தாளை ஒட்டியது என் மனைவி செங்கமலம். நான் எழுதியிருந்தால் அதில் ‘ஒலிபெருக்கி’ போய் ‘ஒளிபெருக்கி’ என்று இருக்காது. ஒளியைப் பெருக்க இது என்ன டார்ச் லைட்டா? முப்பத்தோரு வருஷம் உறையூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். ஊரான் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் சுத்தமாகப் போயிற்று. என் வீட்டுப் பிழை டீக்கடைச் சுவரில் தொங்குகிறது.

வந்துவிட்டீர்கள், உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். பெட்டிமேல் கை வைக்காதீர்கள்.

நீங்கள் என்ன தொழில்? பஸ் ஸ்டாண்டில் பாடுகிறீர்களா? நீங்களும் உங்கள் சம்சாரமும். சரி. எத்தனை அடி தூரத்துக்குக் கேட்க வேண்டும்? தெரியாதா? நன்றாயிருக்கிறது. செருப்பு வாங்கப் போனவன் காலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன மாதிரி.

விற்க மாட்டேன். ஆனால் தெருவில் தொழில் செய்கிறவன் பெட்டியை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல. விவரம் தெரியாமல் கடைக்குப் போய் ஏமாறுகிறவர்களைக் கண்டால் எனக்கு இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும்.

என் மச்சினன் வையாபுரி சந்தை வித்தைக்காரன். செங்கமலத்தின் தம்பி. முசிறி, தொட்டியம், குளித்தலை, மணப்பாறை என்று சந்தை கூடுகிற ஊரெல்லாம் போவான். தரையில் சிவப்புத் துணியை விரித்து, வெட்டின கயிற்றை ஒட்ட வைப்பது, எலுமிச்சம்பழத்துக்குள் சீட்டு வரவழைப்பது, இதெல்லாம் செய்வான். அவன் பெண்சாதி அஞ்சலை டோலக்கு அடிப்பாள். அச்சகத்தை மூடிய பிறகு ஆறு வருஷமாக, வித்தை பார்க்கக் கூடுகிற அந்த வட்டத்தில் பேசினவன் நான். கை அவனுடையது, வாய் என்னுடையது. ‘இந்தக் கயிறு அறுந்தது அறுந்ததுதானா? அறுந்த உறவு ஒட்டுமா?’ என்று நான் கேட்டால் மாட்டுத் தரகன்கூட ஒரு நிமிஷம் யோசிப்பான். இப்போது நாலு வாரமாக அந்த வட்டத்தில் எனக்கு இடமில்லை. அந்த இடம் எனக்கு வேண்டாம் என்று சொன்னால் பொய். வேண்டும். ஆனால் யாருடைய நிபந்தனைக்கு யார் கட்டுப்படுவது என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

நடந்ததைச் சொல்கிறேன். தை மாதம் நான் பேசுகிற பழைய தகரக் குழாய் ஒலிபெருக்கி செத்துப்போயிற்று. பைக் பேட்டரியில் ஓடினது. அதில் பேசினால் கோழி தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருக்கும். ‘ஒழுக்கம்’ என்று சொன்னால் ‘ஒக்கம்’ என்று விழும். ஆறு வருஷம் அதைப் பொறுத்தேன். புதுசு வாங்கலாம் என்றதும் வையாபுரி என்ன கேட்டான் தெரியுமா? இடுப்பில் கட்டிக்கொள்கிற குட்டிப் பெட்டி. தொண்டை கட்டின டீச்சர்கள் மாட்டிக்கொள்வார்களே, சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் வைத்திருப்பானே, அது.

“நாலு வரிசைக்குக் கேட்டாப் போதும் மாமா.”

“அஞ்சாவது வரிசைக்காரன் என்ன பாவம் செய்தான் மாப்ளே?”

“அவன் நாலாவது வரிசைக்கு வந்துருவான்.”

இதற்கு என்ன பதில் சொல்வது? வாசிப்பு இல்லாதவன் பேச்சு. ஒலி என் பொறுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவனும் சரி என்றான். சரி என்றுதான் சொன்னான், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் ஐந்து கடை ஏறினேன். ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டேன். பெட்டி மேல் ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். அது உண்மையானால் உள்ளே இருக்கிற பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. கணக்குப் போட்டுக் காட்டினேன். கடைக்காரர், “சார், வாங்குறீங்களா, கிளாஸ் எடுக்குறீங்களா?” என்றார். நீங்கள் வாட்டைப் பார்க்காதீர்கள். காதால் பாருங்கள். பத்து மணி நேரம் ஓடும் என்பான். எந்தச் சத்தத்தில் பத்து மணி நேரம் என்று கேளுங்கள். பாதிச் சத்தத்தில் என்று முணுமுணுப்பான். முழுச் சத்தத்தில் நாலு வந்தால் அதிகம். ஈய பேட்டரி விலை மலிவு, ஆனால் பஸ்ஸில் ஏற்றும்போது உங்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். லித்தியம் என்றால் கனம் குறைவு, ஆனால் தீரப் போகிறேன் என்று சொல்லாமல் பொசுக்கென்று போகும். சக்கரம் சின்னதாக இருந்தால் சந்தைச் சேற்றில் உருளாது, சுமக்க வேண்டியதுதான்.

நாலாவது கடையில் இதைப் பார்த்தேன். பன்னிரண்டு அங்குலம், பதினாலு கிலோ, கம்பியில்லாத மைக் ஒன்று கைக்கு, ஒன்று காலருக்கு. சும்மா நம்பிவிடுவேனா? காலை பத்தரையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அன்றைய செய்தித்தாளை அதில் வாசித்தேன். தலையங்கம், வரி விளம்பரம், காலமானார் எல்லாம். இடையில் அந்தக் கடைக்கு வேறு ஒருவரும் வரவில்லை. ஐந்து மணிக்கு முதலாளியே வெளியே வந்து விலையைக் குறைத்து, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். பேரம் பேசத் தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால், கூட வந்திருந்த வையாபுரியையும் அஞ்சலையையும் வைத்துத் தூரம் சோதித்தேன். இருநூறு அடி தள்ளி அஞ்சலையை நிற்க வைத்து, ஒரு சொல் கேட்காவிட்டாலும் கையைத் தூக்கு என்றேன். அவள் தூக்கவே இல்லை. அவள் அங்கே நிற்கவே இல்லை, வளையல் கடைக்குள் போய்விட்டாள் என்று வையாபுரி பிற்பாடு சொன்னான். அது அவன் சொல்வது. கடைசியாகக் காலர் மைக்கை மாட்டிக்கொண்டு கிசுகிசுத்துப் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தால் போதும், அட்சரம் பிசகாமல் வெளியே வந்தது. நோட்டில் அதற்கு இரண்டு கோடு போட்டேன்.

முதல் நாள் முசிறி. நான் வாயைத் திறந்ததும் சந்தை நின்றது. உண்மையாகவே நின்றது. காய்கறிக்காரி தராசைத் தூக்கின கையோடு திரும்பினாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள், பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள், அத்தனை பேரும் இருந்த இடத்தில் இருந்தபடியே கேட்டார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து, “யோவ், ஸ்டேஷன்ல போன் பேச முடியல, கொற” என்றார். எத்தனை டெசிபல் என்று அளந்தீர்களா என்று கேட்டேன். லத்தியைக் காட்டினார். அது பதில் ஆகாது.

வித்தை முடிந்தது. டீக்கடைக்காரர், “அண்ணே, தேன் மாதிரிக் கேட்டுச்சு” என்றார். நான் இதை வையாபுரியிடம் சொல்கிறேன், அவன் விரித்த துணியையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“எத்தன பேரு நின்னாங்க மாமா?”

“சந்தை முழுக்கக் கேட்டது மாப்ளே.”

“கேட்டது சரி. நின்னது எத்தன பேரு?”

பதினேழு பேர். அதில் மூன்று பேர் பெட்டிக்கு முன்னால் நிற்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்கள். பின்பக்கம் நின்றால் வையாபுரியின் கைக்குள் இருப்பதெல்லாம் தெரியும். அது யார் தவறு? கையை மறைக்க வேண்டியவன் அவன். அஞ்சலை தட்டை எடுத்துக்கொண்டு சுற்றினாள், சீக்கிரமே சுற்றி முடித்துவிட்டாள். அப்புறம் டோலக்கைத் துணியில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், டோலக்கிடம் சொல்வது போலச் சொன்னாள்: “காது கேக்காதவந்தான் கிட்ட வருவான். எல்லாத்துக்கும் கேட்டுட்டா எவன் வருவான்?”

இதைக் கேட்டீர்களா? கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்கிறாள்! அப்படியானால் ஊமையை வைத்து வித்தை நடத்த வேண்டியதுதானே? நான் வாதாடவில்லை. டோலக்கு அடிக்கிறவளிடம் ஒலியியல் பேசுவதா?

அடுத்த வாரம் குளித்தலை, அதற்கடுத்து மறுபடி முசிறி. வட்டம் அகன்றுகொண்டே போயிற்று, ஆள் குறைந்துகொண்டே போயிற்று. மாசி மாத வெயில், பரீட்சைக் காலம், அறுவடை. எத்தனையோ காரணம். வையாபுரிக்கு ஒரே காரணம்தான் தெரியும். நான் பேசிக்கொண்டிருக்கும்போது பெட்டியைத் தாண்டிப் போகிற சாக்கில் சத்தத்தைத் திருகிக் குறைப்பான். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாம் தரம் திருகுகிற குமிழையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உடனே வேறு வழி கண்டுபிடித்தான். காலர் மைக்கை அவனுக்கு நான்தான் மாட்டிவிட்டிருந்தேன், அவன் இரண்டு வார்த்தை பேசினாலும் வீணாகக் கூடாது என்று. அதன் பொத்தானைக் கட்டை விரலால் அமுக்கி அணைத்துவிடுவான். அடுத்த சந்தைக்கு முன்னால் நான் எலெக்ட்ரீஷியன் ஒட்டுகிற கறுப்புப் பட்டையை வாங்கிப் பொத்தான்மேல் மூன்று சுற்றுச் சுற்றினேன். இனி மைக் எரிந்தது எரிந்தபடியே இருக்கும். ஒலி என் பொறுப்பு என்றால் என் பொறுப்புதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் என்றால் விட்டுவிடுவீர்களோ? அதனால்தான் நீங்கள் இன்னும் வாயாலேயே கத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

பங்குனியில் தொட்டியம். வாழைத்தார் ஏலம் நடக்கிற நாள், நல்ல கூட்டம். எலுமிச்சம்பழ வித்தை. கூட்டத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, மனசுக்குள் ஒரு பூவை நினைக்கச் சொல்வான். தோளில் துண்டைப் போடுவான். நான் வர்ணிப்பேன். அவர் பூவின் பெயரைச் சொல்வார். பழத்தை அறுத்தால் உள்ளே சீட்டு, சீட்டில் அதே பூ. ஆறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறினதில்லை. அது எப்படி என்று நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. தொழில் மரியாதை.

அன்றைக்கு ஒரு வாழைக்காய்த் தரகரைக் கூப்பிட்டான். பெரிய மீசை. வையாபுரி கட்டை விரலால் காலர் மைக்கை ஒருமுறை அமுக்கிவிட்டு, அவர் தோளில் துண்டைப் போட்டுச் சரிசெய்தான். நான் மூச்சு விடுவதற்காக ஒரு விநாடி நிறுத்தினேன். அந்த விநாடியில் பெட்டி பேசிற்று.

“அண்ணே, செண்பகப்பூன்னு சொல்லிருங்கண்ணே. மானத்தக் காப்பாத்துங்க. ரெண்டு பொட்டப்புள்ள வச்சிருக்கேன்.”

பக்கத்தில் இருந்தவனுக்கும் கேட்கக் கூடாத குரலில்தான் வையாபுரி தரகரிடம் சொன்னான். ஆறு வருஷம் அவனிடமிருந்து மூன்றடி தள்ளி நின்றவன் நான், எனக்கே ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இருநூறு அடி தள்ளி லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. ‘காப்பாத்துங்க’வில் அவன் தொண்டை லேசாக அடைத்தது பாருங்கள், அதுவும் கேட்டிருக்கிறது. ஒரு பெட்டியின் தரத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

முதலில் லாரி மேலிருந்து ஒருவன், “செண்பகப்பூ!” என்று கத்தினான். ஏலக் கொட்டகையிலிருந்து இன்னொருவன். பஸ்ஸுக்குள்ளிருந்து கண்டக்டர். அப்புறம் தொட்டியம் சந்தை முழுக்கச் செண்பகப்பூதான். சிரிப்பு. தரகர் நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. துண்டை மடித்து அவன் கையில் கொடுத்து, “நான் சொல்லத்தான் இருந்தேன் தம்பி” என்றார். அதுவும் மைக்கில் கேட்டது. மறுபடியும் சிரிப்பு.

வையாபுரி பழத்தை அறுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மைக்கைக் கழற்றப் பார்த்தான், பட்டை சுற்றியிருந்ததால் கிளிப் வரவில்லை, அவன் மூச்சு வாங்குவது பெட்டியில் புஸ் புஸ் என்று வந்துகொண்டே இருந்தது. அஞ்சலைதான் வந்து சட்டைத் துணியோடு சேர்த்துப் பிய்த்து எடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் வையாபுரி கேட்டான்.

“அந்தப் பட்டைய ஏன் மாமா ஒட்டுனீங்க?”

“நீ ஏன் மாப்ளே அணைத்தாய்? நீ அணைக்காவிட்டால் நான் ஏன் ஒட்டப் போகிறேன்?”

“என்னைய ஊரே சிரிச்சுச்சு மாமா.”

“தனியாளிடம் கெஞ்சுவது வித்தையில் சேராது. நீ கெஞ்சினாய், பெட்டி உள்ளதைச் சொல்லிற்று.”

நான் சொன்னதில் தவறு இருந்தால் சொல்லுங்கள். இல்லை அல்லவா? அவன் என்னையே பார்த்தான். “உங்களுக்கு அந்தச் சத்தம் நல்லாக் கேட்டுச்சுல்ல மாமா?” என்றான். மிகத் தெளிவாக என்றேன். “அப்ப சரி. நீங்க அந்தப் பொட்டியோடயே பேசிக்கிட்டு இருங்க” என்று சொல்லிவிட்டு அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறினான். அவன் இனித் தொட்டியம் போக முடியாதாம். கால் வைத்தால் செண்பகப்பூ என்கிறார்களாம். பட்டப் பெயர் வாய்ப்பது எளிதில்லை. ஆறு வருஷம் பேசினேன், எனக்கு ஒருவரும் ஒன்றும் வைக்கவில்லை.

செங்கமலம் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள், தட்டின் சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள்.

போன வாரம் குளித்தலைக்குப் போனேன். கருணைக்கிழங்கு வாங்க. ஆமாம், உறையூரில் கிழங்கு கிடைக்கும். அதனால் என்ன? சந்தையின் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம். முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. வையாபுரியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது, ஆனால் ஒரு சொல் காதில் விழவில்லை. எவ்வளவு மோசமான ஏற்பாடு! பத்தடி கிட்டப் போனேன். ஏதோ முணுமுணுப்பு. இன்னும் போனேன். முன்னால் நின்றவனை விலக்கிக்கொண்டு நுழைந்தேன். இரண்டாவது வரிசை வரை போன பிறகுதான் அவன் பேசுவது புரிந்தது. பெட்டி இல்லை, இடுப்புப் பெட்டிகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் ரகசியம் சொல்கிற குரலில் பேசிக்கொண்டிருக்கிறான். எண்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கிறார்கள். ஒரு சாதாரண மனிதன் ஒரு வாக்கியம் கேட்க இவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். கையில் வெட்டின கயிறு. நான் திரும்பிப் போயிருப்பேன், பின்னால் அடைத்துக்கொண்டு நின்றார்கள், வழியில்லை.

“இவரு எங்க மாமா,” என்றான் கூட்டத்திடம். “இந்தக் கயிறு நான் சொன்னா ஒட்டாது. அவரு கேட்டாத்தான் ஒட்டும். கேளுங்க மாமா.”

அஞ்சலை டோலக்கை நிறுத்தினாள். என்ன செய்வது? கேட்டேன். வெறும் வாயால். ‘அறுந்தது அறுந்ததுதானா’ என்று தொடங்கும்போதே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, மூன்று வாரமாகப் பேசாத தொண்டை. பின்னாலிருந்து, “கேக்கல! என்ன சொல்றாரு?” என்று கத்தினார்கள். கத்திக்கொண்டே நெருக்கினார்கள். கூடையில் கோழி வைத்திருந்த ஒரு பெண்பிள்ளை என் தோள்மேலேயே சாய்ந்துவிட்டாள். கோழி என் காதுக்குள் கொக்கரிக்கிறது. எனக்கும் வையாபுரிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. அந்த நெருக்கடியில் மீதியைச் சொல்லி முடித்தேன். கயிறு ஒட்டிற்று. அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அவ்வளவு பக்கத்தில் தட்டினால் காது என்னத்துக்கு ஆகும்?

வையாபுரி சிரித்தான். பெட்டி இல்லாவிட்டால் என்ன கதி என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தான்.

“அடுத்த வாரம் மணப்பாறை மாமா. வந்துருங்க.”

“வருகிறேன். பெட்டியைச் சார்ஜ் போட்டு வைக்கிறேன்.”

“நீங்க மட்டும் வாங்க.”

“என் குரல் வேண்டுமென்றால் பெட்டியோடுதான்.”

நான் அப்படித்தான் சொன்னேன். நீங்களாயிருந்தால் காலில் விழுந்திருப்பீர்கள். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் ஏறினான். படியில் நின்றபடி திரும்பி என்னவோ சொன்னான். டிரைவர் என்ஜினைக் கிளப்பியிருந்தார், கேட்கவில்லை. இருபது அடி இருக்கும். நடந்து போயிருந்தால் கேட்டிருக்கும். நான் ஏன் நடக்க வேண்டும்? சொல்கிறவன்தான் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

இன்றைக்கு மணப்பாறை. ஆமாம், இன்றைக்குத்தான். இந்தச் சட்டையா? தேய்த்து வைத்திருந்தது, சும்மா மாட்டிக்கொண்டேன். பத்தரை பஸ்ஸுக்குக் கிளம்பலாமா என்று நின்றுகொண்டிருந்தபோதுதான் நீங்கள் கதவைத் தட்டினீர்கள். கையில் பெட்டி இருந்ததா இல்லையா என்பது உங்களுக்கு வேண்டாத கேள்வி. அந்த பஸ் போய்விட்டது. நீங்கள் வந்ததால்தான் போயிற்று என்று செங்கமலத்திடம் சொல்லப் போகிறேன். சமையல்கட்டில் தட்டு விழுந்த சத்தம் கேட்டதா? அவளுக்குத் தெரியும்.

பதினொன்றேகாலுக்கு ஒன்று இருக்கிறது. அதில் கூட்டம் நெரியும்.

நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். மழைக்கு உறை எப்படித் தைக்க வேண்டும் என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே.